நம்பிள்ளை வைபவம்: மரபுக்குள் மலர்ந்த தனித்தன்மை

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

கார்த்திகை மாதத்துக் கார்த்திகை நக்ஷத்ரம் திருமங்கையாழ்வார் திருவவதரித்த நன்னாள். அதே திருநக்ஷத்ரத்தில் அவதரித்த மற்றொரு மஹான், திருவாய்மொழியின் ஈட்டு 36,000 படிக்கு ஊற்றாய் விளங்கிய நம்பிள்ளை. ஸம்ப்ரதாயத்தில் ஊன்றிய அடியார்களுக்கு இவருடைய வைபவம் புதிதன்று. ஆயினும், ஒரு கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு அதனை மீண்டும் ஒருமுறை அநுபவிக்க அடியேன் விழைகிறேன்.

முன்னோர் சொன்னபடியே சொல்லுவதும், அவர்கள் நடந்தபடியே நடப்பதும் நம் ஸம்ப்ரதாயத்தின் உயிர்நிலை. எம்பெருமானோ ஒவ்வோர் ஆத்மாவுக்கும் வெவ்வேறு அறிவையும் வெவ்வேறு சுவையையும் கொடுத்திருக்கிறான். அந்த அறிவைப் பயன்படுத்தினால் மரபை மீறியதாகுமோ? பயன்படுத்தாவிட்டால் கொடுத்தவனை அவமதித்ததாகுமோ? நம் இல்லங்களில், குறிப்பாகத் தூரதேசங்களில் வளரும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில், இக்கேள்வி நாள்தோறும் ஏதேனும் ஒரு வடிவில் எழுகிறது. நம்பிள்ளை இதற்குத் தனியே ஒரு க்ரந்தம் எழுதவில்லை. அவர் வாழ்ந்த வாழ்வே அதற்கு விடையாக இருக்கிறது.

எம்பெருமானார் வகுத்த நெறி

நம்பிள்ளையின் சரிதத்துக்குள் புகுமுன், அவருக்கு முன்பு நிகழ்ந்த ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். எம்பெருமானார் திருமாலையாண்டானிடம் திருவாய்மொழிப் பொருளைக் கேட்டுவந்த காலத்தில், இரண்டாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழியில் ஒரு பாசுரத்துக்கு ஆண்டான் பொருள் அருளிச்செய்தார். தமக்கு ஞானத்தைத் தந்த எம்பெருமான் மறுபடியும் சரீர ஸம்பந்தத்தில் வைத்தானே என்று ஆழ்வார் வருந்துவதாக அவர் கொண்டார். அத்திருவாய்மொழி முழுவதும் ஆனந்தத்தின் வெள்ளமாயிருக்க, நடுவில் ஒரு பாசுரம் மட்டும் வருத்தமாக வருவது பொருந்தாது என்று எம்பெருமானாருக்குத் தோன்றிற்று. சொற்களைக் கொண்டுகூட்டி, எம்பெருமான் செய்த உபகாரத்தை நினைத்து ஆழ்வார் உருகுவதாக அவர் வேறு பொருள் விண்ணப்பித்தார். இப்படிப் பல இடங்களில் நிகழவே, ஆளவந்தாரிடம் தாம் கேளாத அர்த்தங்களைக் கேட்டு மனம் பொறாத ஆண்டான் காலக்ஷேபத்தை நிறுத்திக்கொண்டார்.

திருக்கோட்டியூர் நம்பி இதனை அறிந்து எழுந்தருளி, எம்பெருமானார் சொன்ன பொருளை ஆளவந்தார் திருவாக்கிலேயே தாம் கேட்டிருப்பதாகத் தெரிவித்தார். காலக்ஷேபம் மீண்டும் தொடர்ந்தது.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. எம்பெருமானார் புதுமைக்காகப் புதுமை சொல்லவில்லை. ஆழ்வாருடைய திருவுள்ளத்தின் போக்கை ஆதாரமாகக் கொண்டே சொன்னார். பிற்காலத்தில் திருவாய்மொழிக்கு வ்யாக்யானம் இடவேண்டிய ஸமயம் வந்தபோதும் அவர் தாமே எழுதவில்லை. தாம் எழுதினால் பொருள் இவ்வளவே என்று உலகம் எல்லை கட்டிவிடும் என்று திருவுள்ளம் பற்றி, திருக்குருகைப்பிரான் பிள்ளானைக் கொண்டு 6,000 படியை எழுதுவித்தார். பின்வருவோர் தம் அறிவைச் செலுத்துவதற்கு இடம் விட்டுவைத்த பேருதாரம் அது.

நஞ்சீயர் திருவடியில்

எம்பெருமானாருக்குப் பின் தர்சனத்தை நிர்வஹித்தவர் பராசர பட்டர். அவரால் திருத்திப் பணிகொள்ளப்பட்டவர் மேல்நாட்டு வேதாந்தியான மாதவர். பெருஞ்செல்வத்தையும் இல்லறத்தையும் துறந்து துரீயாச்ரமம் மேற்கொண்டு திருவரங்கம் வந்த அவரை பட்டர் நம் ஜீயர் என்று அபிமானித்தார். அதுவே நஞ்சீயர் என்ற திருநாமமாயிற்று. பட்டர் க்ருஹஸ்தர், இவர் ஸந்யாஸி. தம் கையிலுள்ள த்ரிதண்டம் பட்டருக்குக் கைங்கர்யம் செய்வதற்குத் தடையாகுமாயின் அதனை முறித்துவிடவும் தாம் ஸித்தம் என்று சொன்னவர் அவர். ஆச்ரம விதியை மதித்தவர்தாம். ஆனால் அந்த விதி எதற்காக ஏற்பட்டதோ அதனை அதைவிட உயர்வாக மதித்தார். இத்தகைய ஓர் ஆசார்யனிடத்திலேதான் நம் நாயகர் வந்து சேர்ந்தார்.

நஞ்சீயர் பட்டருடைய நியமனத்தால் திருவாய்மொழிக்கு 9,000 படி வ்யாக்யானம் அருளியிருந்தார். ஒரு படி என்பது 32 எழுத்துகள் கொண்ட அளவு. ஸ்ரீபாஷ்யத்தின் அளவுக்குச் சமமான அந்த வ்யாக்யானத்தை நல்ல ஏட்டில் செம்மையாகப் பட்டோலை கொள்ளவேண்டும் என்று ஜீயர் விரும்பினார். எழுத வல்லவர் யார் என்று சிஷ்யர்களைக் கேட்க, நம்பூர் வரதராஜர் என்ற ஓர் இளைஞர் இருப்பதாக அவர்கள் விண்ணப்பித்தனர். எழுத்து அழகாயிருந்தால் மட்டும் போதாது, பொருளும் தெரிந்திருக்கவேண்டும் என்று ஜீயர் தயங்கினார். பிறகு 9,000 படி முழுவதையும் ஒருமுறை வரதராஜருக்கு ஸாதித்துவிட்டு, மூல ஏட்டை அவர் கையில் கொடுத்தார். படியெடுக்கப் போகிறவருக்கு முழுப் பொருளையும் கேட்பிக்கவேண்டும் என்று நினைத்த அந்த ஆசார்ய ஹ்ருதயத்தில்தான் பின்னால் நிகழ்ந்த அனைத்துக்கும் வித்து இருந்தது.

காவிரியில் போன ஏடு

தம் ஊரில் ஏகாந்தமாக இருந்து எழுதி முடிக்க அனுமதி பெற்று வரதராஜர் புறப்பட்டார். காவிரியைக் கடக்கையில் வெள்ளம் பெருகிற்று. ஏட்டைத் தலையில் கட்டிக்கொண்டு நீந்தினார். அலை ஒன்று அதனை அடித்துக்கொண்டு போயிற்று. அது ஆசார்யனுடைய பல்லாண்டு உழைப்பு, வேறு படி இல்லாத மூலம். இவரோ அழகாகப் படியெடுத்துத் தருவார் என்று நம்பி அனுப்பப்பட்டவர்.

திரும்பிப் போய் நடந்ததைச் சொல்லிக் காலில் விழுந்திருக்கலாம். ஓடி ஒளிந்திருக்கலாம். அவர் ஊரை அடைந்து, ஆசார்யன் திருவடிகளைத் த்யானித்து, தாம் கேட்ட 9,000 படியையும் நெஞ்சிலிருந்தே எழுதத் தொடங்கினார். ஒருமுறை கேட்டது பதம் பதமாக நினைவுக்கு வந்தது. அவரோ தமிழில் ஆழ்ந்த புலமையுடையவர். எழுதிச் செல்லுகையில் ஆழ்வாருடைய சொல்லுக்கு இன்னும் ரஸமான பொருள் தோன்றிய இடங்களில் அதனையும் சேர்த்தே எழுதினார்.

எழுதி முடித்து ஆசார்யனிடம் ஸமர்ப்பித்தார். நஞ்சீயர் வாசித்துப் பார்த்தார். தம் பொருள் அப்படியே இருந்தது. தாம் எழுதாத பொருள்களும் சில இடங்களில் இருந்தன. என்ன நடந்தது என்று கேட்டார். வரதராஜர் அஞ்சி வாய்திறவாமல் நின்றார். அஞ்சவேண்டா, உள்ளபடி சொல்லலாம் என்று ஜீயர் அபயம் தந்தபின், ஏடு ஆற்றில் போனதையும் தாம் நினைவிலிருந்து எழுதியதையும் விண்ணப்பித்தார்.

இந்த ஒரு நொடியில்தான் இச்சரிதத்தின் கனம் முழுவதும் இருக்கிறது. குரு தம் சொல்லே இறுதி என்று நினைப்பவராயிருந்தால் இரண்டு குற்றங்களைக் கண்டிருப்பார்: ஏட்டைத் தொலைத்தது ஒன்று, கேளாததைச் சேர்த்தது மற்றொன்று. நஞ்சீயர் குற்றம் எதையும் காணவில்லை. பேருவகை கொண்டு அவரை ஆரத்தழுவி, இவர் நம் பிள்ளை என்று அபிமானித்து, திருக்கலிகன்றி தாஸர் என்ற திருநாமமும் சாற்றினார். ஆசார்யர் பெயரிட்ட பின் உலகமும் அவரை நம்பிள்ளை என்றே அழைத்தது. அதன் பிறகும், தம் பொருளினும் நம்பிள்ளை சொன்ன பொருள் சிறந்து தோன்றிய இடங்களில் நஞ்சீயர் அதனை வாயாரப் புகழ்ந்தார்.

சேர்த்த பொருள் எதனால் குற்றமாகவில்லை? அடியேனுக்குப் புலப்படுபவை மூன்று. முதலாவது, அவர் முழுவதையும் உள்வாங்கியபின்பே சேர்த்தார். மூலத்தை ஏட்டின் உதவியின்றி எழுத வல்லவருக்கே மூலத்தோடு ஒன்றைச் சேர்க்கும் தகுதி வந்தது. இரண்டாவது, சேர்த்தது ஆழ்வாருடைய திருவுள்ளத்துக்கு அரணாயிற்றே அன்றி, தம் புலமைக்கு விளம்பரமாகவில்லை. மூன்றாவது, கேட்டபோது மறைக்கவில்லை. தாம் செய்ததை ஆசார்யன் முன்னே வைத்து, ஏற்பதும் தள்ளுவதும் அவர் பொறுப்பு என்று நின்றார்.

நம்பிள்ளை கோஷ்டி

நஞ்சீயருக்குப் பின் நம்பிள்ளை தர்சன ஸிம்ஹாஸனத்தை அலங்கரித்தார். பெரிய பெருமாள் ஸந்நிதியில் அவர் திருவாய்மொழிக்கு அர்த்தம் ஸாதிக்க, கேட்க வந்தோர் திரள் பெருகிற்று. காலக்ஷேபம் முடிந்து வெளியே வரும் கூட்டத்தைக் கண்ட அரசன், இது நம்பெருமாளை ஸேவித்து வரும் கூட்டமா, நம்பிள்ளையைக் கேட்டு வரும் கூட்டமா என்று திகைத்தானாம்.

அக்கூட்டத்தில் இருந்தவர்கள் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர். நாலாயிரம் முழுவதற்கும் வ்யாக்யானம் இட்ட பெரியவாச்சான் பிள்ளை ஒருவர். கேட்டதைக் கேட்டபடியே ஏடுபடுத்திய வடக்குத் திருவீதிப்பிள்ளை ஒருவர். ஸந்யாஸியாயிருந்தும் க்ருஹஸ்தரான ஆசார்யனுக்கு அடிமை செய்து, நீராடிவரும் அவருடைய பின்னழகை ஸேவிக்கும் சுவைக்காகப் பரமபதத்தையும் சற்றே தள்ளிவைக்க விரும்பிய பின்பழகராம் பெருமாள் ஜீயர் ஒருவர். நஞ்சீயர் தமக்கு அளித்த இடத்தை நம்பிள்ளை இவர்களுக்கு அளித்தார். ஒவ்வொருவரும் தத்தம் இயல்பிலேயே முழுமை பெற்றனர்.

இரண்டு ஏடுகள்

ஆனால் நம்பிள்ளை எதையும் அனுமதித்துவிடுபவர் என்று கொண்டால் அது பிழை. கூரத்தாழ்வான் திருவம்சத்தவரான நடுவில் திருவீதிப்பிள்ளை பட்டர் முதலில் நம்பிள்ளையிடம் பொறாமை கொண்டிருந்து, பின்பு மனம் மாறி அவரை ஆச்ரயித்தவர். காலக்ஷேபத்தில் கேட்டதை எல்லாம் விரித்து, மஹாபாரதம்போல் 1,25,000 படியாக ஒரு வ்யாக்யானம் எழுதிக் கொண்டுவந்து ஸமர்ப்பித்தார். நம்பிள்ளை அதனை ஏற்கவில்லை. தம் அனுமதியின்றி எழுதப்பட்டது என்பதோடு, இத்தனை விரிவாக எழுதிவிட்டால் ஆசார்யன் திருவடியில் அமர்ந்து கேட்கும் முறையே அழிந்துபோகும் என்று நினைத்து, அதனைக் கரையானுக்கு இரையாக்கினார். பிறகு பெரியவாச்சான் பிள்ளையை நியமித்து, ஸ்ரீராமாயணத்தின் அளவாக 24,000 படியை எழுதுவித்தார்.

இன்றைய மனம் இதனை எளிதில் ஏற்காது. ஒருவர் உழைத்து எழுதியதை அழிப்பது கொடுமையன்றோ என்று தோன்றும். அடியேனுக்கும் இவ்விடத்தைப் படிக்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. ஆயினும் இதன் அருகிலேயே மற்றொரு நிகழ்ச்சி இருக்கிறது.

வடக்குத் திருவீதிப்பிள்ளை பகலில் கேட்ட அர்த்தங்களை இரவில் ஏடுபடுத்தி வந்தார். அவரும் அனுமதி பெறவில்லை. ஒருநாள் அவருடைய திருமாளிகைக்கு எழுந்தருளிய நம்பிள்ளை அவ்வேடுகளைக் கண்டு வாசித்தார். குறையாமலும் மிகாமலும் தாம் சொன்னபடியே அவை இருந்தன. அனுமதியின்றி எழுதியதற்கு வருத்தம் தெரிவித்தாரே தவிர, அவற்றை அழிக்கவில்லை. தாமே வாங்கி வைத்திருந்து, ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் ஒப்படைத்தார். அதுவே ஈட்டு 36,000 படி. சில தலைமுறைகள் ஓராண் வழியாக வந்து, திருவாய்மொழிப்பிள்ளை மூலம் மணவாள மாமுனிகளை அடைந்து, நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டு முழுவதும் காலக்ஷேபமாக நிகழ்ந்தது அந்த ஈடு.

இருவரும் அனுமதியின்றியே எழுதினர். ஒன்று அழிந்தது, ஒன்று நிலைத்தது. ஆகவே நம்பிள்ளை விதி மீறப்பட்டதா என்பதை மட்டும் பார்க்கவில்லை என்பது தெளிவு. எழுதியது கேட்போரை ஆசார்யனிடம் கொண்டுசேர்க்குமா, அல்லது ஆசார்யன் இருக்கவேண்டிய இடத்தில் தானே அமர்ந்துகொள்ளுமா என்று பார்த்தார். அவர் கொண்ட அளவுகோல் அது.

பட்டருடைய பெருமையும் இங்கே குறையவில்லை. தம் பெரும்படைப்பு கரையானுக்குப் போனபின்னும் அவர் ஆசார்யனை விட்டு நீங்கவில்லை. நம்பிள்ளை திருநாடு எழுந்தருளியபோது சிஷ்யர்களோடு தாமும் ஒரு சிஷ்யராய்த் தலைமுடி நீக்கிக்கொண்டார். ஆழ்வான் வம்சத்தவர் இப்படிச் செய்வது குலத்துக்கு இழுக்கென்று அவருடைய ஸஹோதரர் வருந்தியபோதும் அவர் கலங்கவில்லை. குலம் எதிர்பார்த்ததற்கு அவர் அங்கே இணங்கவில்லை. தாமே தேர்ந்த ஆசார்ய ஸம்பந்தத்துக்கு இணங்கினார்.

கந்தாடைத் தோழப்பர் வாயிலில்

முதலியாண்டான் வம்சத்தவரான கந்தாடைத் தோழப்பர், நம்பிள்ளையின் புகழைப் பொறாமல், ஒருநாள் பெருமாள் ஸந்நிதியிலேயே பலர் முன்னிலையில் அவரைக் கடிந்து பேசிவிட்டார். நம்பிள்ளை மறுமொழி சொல்லாமல் வெளியேறினார். இதனைக் கேள்வியுற்ற தோழப்பரின் தேவியார் கணவரை ஆதரிக்கவில்லை. பாகவத அபசாரம் செய்தீர் என்று இடித்துரைத்து, அதுவரை அவருக்குச் செய்துவந்த உபசாரங்களையும் நிறுத்திக்கொண்டார். மனைவியர் கணவரை எதிர்த்துப் பேசாத காலம் அது. அந்த அம்மையாரும் வழக்கத்தினும் வழக்கத்தின் உட்பொருளைப் பெரிதாக எண்ணினவர்.

தவற்றை உணர்ந்த தோழப்பர் நள்ளிரவில் மன்னிப்பு வேண்டிப் புறப்படக் கதவைத் திறந்தார். வாசற்படியில் யாரோ கிடந்தார். பார்த்தால் நம்பிள்ளை! தோழப்பர் திருவுள்ளம் கலங்கும்படி தாம் ஏதோ குற்றம் செய்திருக்கவேண்டும் என்று நினைத்து, க்ஷமை வேண்டி மாலையிலிருந்து அங்கேயே கிடந்திருக்கிறார். தோழப்பர் அவரைத் தழுவிக்கொண்டு, இவரே உலகுக்கெல்லாம் ஆசார்யர் என்று லோகாசார்யர் திருநாமத்தைச் சாற்றினார். வடக்குத் திருவீதிப்பிள்ளை தம் குமாரருக்கு அத்திருநாமத்தை இட்டார். அவரே பிள்ளை லோகாசார்யர்.

பொருள் சொல்லும்போது எவருக்கும் அஞ்சாத அதே நம்பிள்ளைதான் தம் மானம் என்று வந்தபோது வாசற்படியில் கிடந்தார். அறிவில் தனித்து நிற்கவும் அஹங்காரத்தில் கரைந்துபோகவும் அவருக்குத் தெரிந்திருந்தது. நம்மில் பலர் இதனை மாற்றிச் செய்கிறோம். அறிவைச் செலுத்தவேண்டிய இடத்தில் ஊரோடு ஒத்துப்போகிறோம். விட்டுக்கொடுக்கவேண்டிய இடத்தில் என் வழி தனி வழி என்று நிற்கிறோம்.

நம் நாள்தோறும் வாழ்வில்

அடியேன் வாழும் பொன்னேரிக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி. உவர்நீர் ஏரிகளில் இந்தியாவில் சில்காவுக்கு அடுத்துப் பெரியது. அதன் கரையிலுள்ள சில மீனவக் குப்பங்களில் பாடு என்றொரு முறை தலைமுறைகளாக இருந்துவருகிறது. இறால் நிறையக் கிடைக்கும் இடங்களை ஒருவரே கைக்கொள்ளாதபடி, தலைக்கட்டுக் குடும்பங்கள் சீட்டு எடுத்தும் முறை வைத்தும் பகிர்ந்துகொள்வர். முறை வந்தவர் தமக்குரிய இடத்தில் வலை கட்டுவார். எங்கே, எப்போது என்பது ஊர் வகுத்தது. நீரோட்டம் அறிந்து வலை கட்டும் திறமை அவரவருடையது. ஊர்முறை இல்லையேல் வலியவர் ஏரியை விழுங்கிவிடுவர். தனித்திறமை இல்லையேல் முறை வந்தும் வலை நிறையாது. அம்முறைக்குள் இடம் பெறாதவர்களுக்கு அதனால் மனத்தாங்கல் உண்டு என்பதும் உண்மையே. எந்த மரபையும் கட்டிக்காப்பவர்கள், அதன் வாசலில் நிற்பவர் யார் என்று அவ்வப்போது கதவைத் திறந்து பார்க்கவேண்டும். தோழப்பர் அன்று கதவைத் திறந்திராவிட்டால் லோகாசார்யரைக் கண்டிருக்க மாட்டார்.

வங்கிப் பணியிலும் இதன் சாயலை அடியேன் கண்டதுண்டு. கணக்கேட்டில் எவரும் தம் விருப்பத்தைப் புகுத்த இயலாது. பற்று பற்றாகவும் வரவு வரவாகவும் எழுதப்படவேண்டும். ஆனால் கடன் கேட்டு வந்தவரை எடைபோடும் இடத்தில் விதிமுறைப் புத்தகம் பாதி வழிதான் வரும். மீதியை அதிகாரியின் சொந்த அறிவுதான் கடக்கவேண்டும். அப்படிக் கடந்தவர் காரணத்தைக் குறிப்பில் எழுதி, மேலதிகாரி பார்க்கும்படி கையொப்பமிட்டு வைக்கவேண்டும். காரணத்தை வெளிப்படையாக எழுத அஞ்சும் முடிவு பெரும்பாலும் நல்ல முடிவாயிராது. வரதராஜர் நஞ்சீயர் முன் நின்று உள்ளதை உள்ளபடி விண்ணப்பித்ததை அடியேன் அதனோடு சேர்த்தே நினைப்பது வழக்கம்.

ஆகவே இளையோர்க்கும் முதியோர்க்கும் இச்சரிதத்தில் பாடம் உண்டு. இளையோர் தமக்கென்று ஒன்று தோன்றும்போது, முதலில் முன்னோர் சொன்னதை முழுவதும் கேட்டோமா என்று தம்மையே கேட்டுக்கொள்வது நலம். பாதி கேட்டு மீதியைத் தாமே கட்டுவது தனித்தன்மையாகாது. முழுவதும் கேட்டபின்பும் தோன்றுமாயின், அதனை மறைக்காமல் பெரியோர் முன் வைக்கலாம்.

முதியோர்க்குள்ள பொறுப்பு இதனினும் பெரியது. சந்தை சொல்லிக்கொள்ளும் குழந்தை ஒரு பாசுரத்துக்குத் தனக்குத் தோன்றிய பொருளைச் சொன்னால், அது பிழை என்று வாயடைப்பதற்குமுன் ஒருகணம் நஞ்சீயரை நினைப்போம். அக்குழந்தை நம் ஏட்டைத் தொலைத்திருக்கலாம். நம் பொருளைத் தொலைத்ததா என்று பார்ப்போம். அன்று நஞ்சீயர் கோபித்து முகம் திருப்பியிருந்தால், நம்பூர் வரதராஜர் ஊர் திரும்பியிருப்பார். நம்பிள்ளை கோஷ்டி இல்லை, 24,000 படி இல்லை, ஈடு இல்லை. இன்று உலகின் எந்த மூலையிலும் நாம் திருவாய்மொழிக்கு ஈட்டைப் புரட்டிப் பொருள் காண்பது, ஓர் ஆசார்யன் கோபிக்கவேண்டிய இடத்தில் கோபிக்காமல் ஆரத்தழுவியதன் பயன்.

நம்பிள்ளை திருவடிகளே சரணம்.